பனியன் துணியா, தறித் துணியா? உங்க உடம்புக்கு எது நல்லா உக்காரும்னு பாத்து எடுக்க ஒரு முழு கைடு

ஒரே கலர், ஒரே சைஸ், ஒரே மாடல்ல ரெண்டு குர்தி எடுத்துக்கோங்க. ஒண்ணு பனியன் துணி, இன்னொண்ணு தறியில நெய்த ரேயான். ஒரே ஆளு ரெண்டையும் மாத்தி மாத்தி போட்டுப் பாத்தா ரெண்டு வேற ஆளு மாதிரி தெரியும். ஒண்ணு இடுப்பு மடிப்ப புடிச்சுக்கிட்டு நிக்கும், இன்னொண்ணு அந்த இடத்த தொடாமலே வழிஞ்சு கீழ போயிடும். ட்ரையல் ரூம்ல கண்ணாடி முன்னாடி நின்னு "எனக்கு எதுவுமே செட் ஆகல, நான் வெயிட் போட்டுட்டேன்"னு மனசு கஷ்டப்படுற நிறைய பேர நான் பாத்திருக்கேன், அதுல பாதிக்கு மேல துணிய மாத்தி எடுத்திருந்தாலே சரியாகியிருக்கும். அதனாலதான் இத கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

"நீங்க பேரிக்கா ஷேப், ஆப்பிள் ஷேப், அதனால இதத்தான் போடணும்"னு சொல்ற சார்ட் எனக்கு பிடிக்கறதில்ல. முழு உடம்புக்கும் ஒரே பதில் வராது. தோள் ஒரு துணி கேக்கும், இடுப்பு வேற துணி கேக்கும். அதனால உடம்ப பாகம் பாகமா பிரிச்சு யோசிங்க, அப்பதான் வேலைக்கு ஆகும்.

ஸ்டெப் 1: கையில இருக்கறது எந்த துணின்னு கண்டுபிடிங்க

நம்ம ஊர்ல பனியன் துணின்னு சொல்றது, ஹோசியரின்னு போர்டுல போட்டிருக்கறது, கம்பெனிக்காரங்க நிட்டிங் துணின்னு சொல்றது எல்லாம் ஒண்ணுதான். நூல வளையம் வளையமா கோத்து பின்னிட்டே போற துணி. அந்த வளையம் இழுத்தா விரியும், விட்டா சுருங்கும், அதனாலதான் லைக்ரா (ரப்பர் மாதிரி இழுபடற நூல்) ஒரு துளி கூட இல்லாத சாதா காட்டன் பனியன் கூட இழுக்க வருது. தறித் துணில பாவு நூல் நீளவாக்குல, ஊடை நூல் குறுக்க, ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு போகும். அங்க விரியறதுக்கு இடமே கிடையாது. நேரா இழுத்தா அசையாது, மூலைக்கு மூலை சாய்வா இழுத்தா மட்டும் கொஞ்சம் கொடுக்கும் (இந்த விஷயத்த மறந்துடாதீங்க, பிளவுஸ் பத்தி பேசும்போது தேவைப்படும்).

நிறைய பேர் குழம்புற இடம் எதுன்னா காட்டன். "எனக்கு காட்டன்தான் வேணும்"னு கேக்குறாங்க, கடைக்காரரும் காட்டன் எடுத்துப் போடுறாரு, ஆனா காட்டன்ங்கறது நூலோட பேரு. அதே காட்டன் நூல திருப்பூர்ல வட்ட மெஷின்ல போட்டா டி ஷர்ட் துணி வரும், சோமனூர் பல்லடம் பக்கம் தறில போட்டா சட்டைத் துணி வரும். போட்டா ரெண்டும் ஒரே மாதிரி உக்காரும்னு எதிர்பாக்கக் கூடாது. விஸ்கோஸும் (ரேயான் நூலோட இன்னொரு பேரு) அப்படித்தான், ஈரோடு பக்கம் தறில ஓடி ரேயான் குர்தி துணியா வரும், அதே விஸ்கோஸ் லைக்ராவோட பின்னப்பட்டு லெகிங்ஸாவும் வரும்.

கடையில செக் பண்றது ரொம்ப சுலபம். துணிய குறுக்க மெதுவா இழுங்க, நல்லா வந்தா பனியன் துணி. போன் கேமராவுல ஜூம் பண்ணிப் பாருங்க, குட்டி குட்டி V மாதிரி வரிசையா தெரிஞ்சா பின்னினது, கட்டம் கட்டமா தெரிஞ்சா தறி. வெட்டின ஓரம் எங்கயாவது தெரிஞ்சா இன்னும் சுலபம், மெல்லிசு பனியன் துணி (சிங்கிள் ஜெர்சி) ஓரத்துல தானா சுருண்டுக்கும், தறித் துணில ஓரத்து நூல் பிரிஞ்சு வரும். ஜீன்ஸ், ஸ்ட்ரெச் பேன்ட் மாதிரி சிலது தறித் துணியா இருந்தும் இழுக்கும், அதுல லைக்ரா நூல் சேத்திருக்காங்க. 1958ல அமெரிக்காவுல டுபான்ட் கம்பெனியில ஜோசப் ஷிவர்ஸ்னு ஒரு கெமிஸ்ட் கண்டுபிடிச்ச நூல் அது. அதுக்கு அப்புறம்தான் "இழுத்தா வந்தா பனியன்"ங்கற கணக்கு கொஞ்சம் குழம்பிடுச்சு, அதனால இழுத்துப் பாக்கறதோட நிறுத்தாம கண்ணாலயும் பாருங்க.

ஆன்லைன்ல வாங்கறவங்க "காட்டன் பிளெண்ட்"னு மட்டும் போட்டிருந்தா எதையும் முடிவு பண்ணாதீங்க. ஹோசியரி, ஜெர்சி, ரிப், இன்டர்லாக், பிக்கே, ஃபிரெஞ்ச் டெரி இதெல்லாம் பனியன் வகை. கேம்ப்ரிக், பாப்ளின், வாயில், மல்மல், லினன், ஜார்ஜெட், கிரேப் இதெல்லாம் பெரும்பாலும் தறி வகை. குர்தில சும்மா ரேயான்னு போட்டிருந்தா அனேகமா தறிதான்.

ஸ்டெப் 2: துணியோட எடையையும் குணத்தையும் பாருங்க

எல்லாரும் பனியன்னா ஒட்டும், தறின்னா ஒட்டாதுன்னு முடிச்சுடுறாங்க, அது பாதிதான் சரி. 140 ஜிஎஸ்எம் பனியன் துணி உள்ள போட்டிருக்கற பிரா கோடு வரைக்கும் காட்டிக் கொடுக்கும், 220 ஜிஎஸ்எம் இன்டர்லாக் (ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கற தடி பனியன் துணி) அதே உடம்ப வழவழன்னு ஒரே கோடா காட்டும். ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கறது. திருப்பூர்ல பனியன் துணிய மீட்டர் கணக்குல விக்க மாட்டாங்க, கிலோ கணக்குதான், அதனால அங்க இருக்கறவங்களுக்கு இந்த நம்பர் வாயில தானா வரும். கடையில நம்ம கிட்ட யாரும் சொல்றதில்ல, ஆனா டேக்லயோ ஆன்லைன் விவரத்துலயோ இருந்தா விடாதீங்க. சாதா டி ஷர்ட் 160லேர்ந்து 180க்குள்ள இருக்கும், காலர் வெச்ச போலோ டி ஷர்ட் 200, 220, லெகிங்ஸ் 200க்கு கீழ இருந்தா நான் தொடவே மாட்டேன், உக்காரும்போது தொடையில துணி விரிஞ்சு வெளுத்து தெரியும்.

தறித் துணிலயும் ரெண்டு ரகம் இருக்கு. கஞ்சி போட்ட கைத்தறி, பாப்ளின், லினன் இதெல்லாம் உடம்ப விட்டு தள்ளி நிக்கும். ரேயான், கிரேப், ஜார்ஜெட், தொவைச்சு தொவைச்சு மெத்துன்னு ஆன மல்மல் இதெல்லாம் கீழ விழும். ஆக நீங்க கேக்க வேண்டிய கேள்வி மூணு. இது உடம்ப புடிக்குமா, உடம்பு மேல விழுமா, தானா நிக்குமா? மெல்லிசு பனியன் புடிக்கும், ரேயான் விழும், கஞ்சி காட்டன் நிக்கும், கனமான பனியன் துணி புடிக்கறதுக்கும் நிக்கறதுக்கும் நடுவுல இருக்கும். துணிய ஒரு முனையில ரெண்டு விரலால புடிச்சு தொங்க விட்டுப் பாருங்க, எப்படி தொங்குதோ அப்படித்தான் உங்க இடுப்புக்கு கீழயும் தொங்கும்.

ஸ்டெப் 3: அளவு எடுங்க, உக்காந்தும் எடுங்க

தோள், மார்பு சுத்தளவு, இடுப்பு (வயித்துக்கிட்ட), சீட் அதாவது பின்பக்கம் அகலமான இடம், மேல் கை சுத்தளவு. அஞ்சே அளவு. சீட்டையும் வயித்தையும் நாற்காலில உக்காந்துகிட்டு இன்னொரு தடவ எடுங்க, ரெண்டு மூணு இன்ச் வரைக்கும் கூட வரும், அதுதான் நிஜ அளவு ஏன்னா நாள் பூரா பஸ்லயும் ஆபீஸ்லயும் உக்காந்துதான இருக்கோம்.

தறித் துணின்னா உடம்பு அளவ விட லூஸ் விட்டே ஆகணும், குர்திக்கு மார்புல 3, 4 இன்ச், பேன்ட்டுக்கு சீட்ல குறைஞ்சது 2 இன்ச், சேலை பிளவுஸ்க்கு 1, 1½ இன்ச். பனியன் துணிக்கு லூஸே இல்லாம உடம்பு அளவுக்கே தைக்கலாம், லெகிங்ஸெல்லாம் உடம்ப விட சின்னதாதான் வெட்டுவாங்க. அதனால "நான் டி ஷர்ட்ல எம்"ங்கறத வெச்சு காட்டன் சட்டைல எம் எடுத்தா பட்டன் பிச்சுக்கும். அது நீங்க பருமன் ஆனதால இல்ல, துணி வேற கணக்கு.

ஸ்டெப் 4: உடம்பு பாகம் பாகமா முடிவு பண்ணுங்க

சீட்டும் தொடையும் அகலம், தோள் சின்னது. நம்ம பக்கம் நான் அதிகமா கேக்கற புகார் இதுதான், மேல எம் கீழ எல். இதுக்கு மேல் பாதிய பனியன்ல எடுத்தாலும் பரவால்ல, கீழ் பாதிய பனியன்ல எடுக்காதீங்க, எடுத்தா கனமா எடுங்க. தறியில விழற ரகம், அதாவது ரேயானோ கிரேப்போ ஏ லைன் குர்தி, இல்ல நேர் குர்தி எடுத்து சைடு ஸ்லிட் எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க. சீட்டோட அகலமான இடத்துக்கு மேலயே ஸ்லிட் ஆரம்பிக்கணும், கீழ ஆரம்பிச்சா அந்த இடத்துல துணி இழுத்து குறுக்க கோடு விழும், அந்த கோடுதான் அகலமா காட்டுது. நல்ல விஷயம் என்னன்னா ஸ்லிட்ட ரெண்டு இன்ச் மேல ஏத்தி விட டைலருக்கு பத்து நிமிஷ வேலை. இதுக்காக சைஸ் ஏத்தி எல் எடுத்தா தோள் இறங்கிடும், தோள சரி பண்றது பெரிய வேலை. அதனால தோளுக்கும் மார்புக்கும் சரியான சைஸ எடுங்க, கீழ ஸ்லிட்ட வெச்சு சமாளிங்க. பேன்ட்டுக்கு மெல்லிசு லெகிங்ஸ விட்டுட்டு தறில நேர் பேன்ட், இல்லன்னா பான்டேன்னு ஒரு கனமான பனியன் துணி வருது அதுல எடுங்க, உக்காந்து எழுந்தாலும் முட்டி தொங்காது.

மார்பு கனம். இங்கதான் துணி ரொம்ப பேசும். தறித் துணி வளையாது, அதனால வளைவு வேணும்னா தையல்ல கொண்டு வரணும், டார்ட் (மடிச்சு அடிக்கற முக்கோணத் தையல்), பிரின்சஸ் கட், கட்டோரி எல்லாம் அதுக்குத்தான். டார்ட்டே இல்லாத ரெடிமேட் காட்டன் குர்திய எவ்வளவு பெரிய சைஸ் எடுத்தாலும் அக்குள் பக்கம் சாய்வா சுருக்கம் விழத்தான் செய்யும், டார்ட் இருக்கறத தேடி எடுங்க, இல்ல டைலர் கிட்ட கொடுத்து போட்டுக்கோங்க. நம்ம ஊர் கிராஸ் கட் பிளவுஸ எனக்கு ரொம்ப பிடிக்கும், முன்பக்கத்த சாய்வா போட்டு வெட்டுறாங்க பாருங்க, சாய்வுல இழுத்தா தறித் துணியும் கொடுக்கும்னு முன்னாடி சொன்னேன்ல, அத வெச்சு டூ பை டூ பிளவுஸ் துணிய மார்புக்கு மேல சுருக்கம் இல்லாம உக்கார வெச்சுடுறாங்க. துணி கொஞ்சம் கூட ஆகும், அதனால 80 சென்டிமீட்டர் பிட் வாங்கறதுக்கு முன்னாடியே டைலர் கிட்ட கேட்டுடுங்க. பாரிஸ்ல மேடலின் வியோனே 1920கள்ல கவுன்கள இதே சாய்வு வெட்டுல தெச்சுதான் பேர் வாங்குனாங்க. நம்ம தெரு முனைல மெஷின் போட்டு உக்காந்திருக்கற அக்காவும் அதே அறிவ வெச்சுதான் தைக்குறாங்க, அதுக்கு நம்ம கொடுக்கற மரியாதை பத்தாதுன்னுதான் எனக்கு தோணும்.

இவங்களுக்கு பனியன் துணி வேணும்னா மெல்லிசு வேண்டாம், மார்புல துணி விரிஞ்சு அந்த இடம் மட்டும் கலர் வெளுத்து தெரியும், முன்பக்கம் தூக்கிக்கும். 180க்கு மேல, வி கழுத்து, முடிஞ்சா முன்னாடி ஒண்ணு மேல ஒண்ணு போடற ராப் மாடல். டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் 1974ல பிரபலமாக்கின ராப் டிரஸ் ஜெர்சி துணிதான், அது பலவித உடம்புக்கும் ஒத்துப் போனதுக்கு காரணம் துணியோட இழுவையும் கட்டுற கயிறும் சேந்து அவங்கவங்க அளவுக்கு மாறிக்கறதுதான்.

வயிறு. மெல்லிசு ஜெர்சி வேண்டாம், ரிப் துணி வேண்டவே வேண்டாம் (அதுல மேலேர்ந்து கீழ ஓடற கோடுகள் வயித்து மேல வளைஞ்சு போறதால இருக்கறத விட கூட காட்டும்). அதே சமயம் கஞ்சி போட்ட காட்டன லூஸா போட்டா மறைஞ்சுடும்னு நெனைக்காதீங்க, அது மார்புலேர்ந்து நேரா முன்னாடி தள்ளிட்டு நின்னு உடம்பு முழுக்க அந்த அகலம்னு காட்டிடும். விழற தறித் துணிதான் சரி, மார்புக்கு கீழ யோக் (மேல் பாகத்துக்குன்னு தனியா வெட்டின துண்டு) வெச்சு லேசா சுருக்கம் விட்ட ரேயானோ மல்மலோ. இடுப்பு பட்டிக்கு முன்னாடி தட்டையும் பின்னாடி எலாஸ்டிக்கும் வெச்ச பேன்ட். பிரசவம் ஆகி சில மாசம் இருக்கறவங்க மட்டும் இதுல விதிவிலக்கு, உடம்பு வாரத்துக்கு வாரம் மாறும், அப்ப நல்ல கனமான பனியன் துணிதான் கூட வரும். தறித் துணில அளவு தெச்சு வெச்சா ரெண்டு மாசத்துல அளவு மாறிடும். இருக்கற துணிக்குள்ள உடம்ப திணிக்கணும்னு தயவு செஞ்சு நெனைக்காதீங்க, துணி உங்களுக்காக மாறட்டும்.

மேல் கை. தறித் துணில கை சுத்தளவ விட 1½, 2 இன்ச் கூட இருக்கணும், கைக்குழி ரொம்ப கீழ இறங்கினா கைய தூக்கும்போது சட்டை முழுக்க மேல ஏறும். அதனால கை பெருசுன்னு கைக்குழிய இறக்கச் சொல்லாம கை சுத்தளவ மட்டும் கூட்டச் சொல்லுங்க. ரெடிமேட் ஸ்ட்ரெச் பிளவுஸ் இப்ப எல்லா கடையிலயும் வருது, கைக்கு அது சுகம்தான், ஆனா பட்டுப் புடவை மடிப்ப தோள்ல பின் பண்ணும்போது துணி இழுபடும், கனமான புடவைக்கு தறித் துணி பிளவுஸே நல்லது.

அகலமான தோள்: தோள்ல நிக்கற துணி வேண்டாம், ஆர்கன்சா பஃப் கை வேண்டாம். பனியன் துணி தோள் மேல மெத்துன்னு உருண்டு போகும், அது பொருந்தும்.

ஒல்லி, நேர் உடம்பு: மத்தவங்கள வேண்டாம்னு சொன்னதெல்லாம் நீங்க போடலாம். கஞ்சி கைத்தறி, செட்டிநாடு காட்டன், லினன் எல்லாம் உடம்புக்கு ஒரு உருவம் கொடுக்கும், ரிப் துணி இல்லாத வளைவையும் காட்டும். ரேயான் மட்டும் ரொம்ப லூஸா எடுக்காதீங்க, ஹேங்கர்ல மாட்டின மாதிரி தொங்கும்.

ஸ்டெப் 5: ஆல்டர் பண்ண முடியுமான்னு உள்பக்கம் திருப்பிப் பாருங்க

தறித் துணி குர்தில சைடு தையலுக்குள்ள அரை இன்ச்சோ ஒரு இன்ச்சோ துணி விட்டிருந்தா அது பொக்கிஷம், பின்னாடி பிரிச்சு விட்டுக்கலாம். பனியன் துணில ஓவர்லாக் அடிச்சு மிச்சத்த வெட்டிடுவாங்க, பிடிக்கலாம், பிரிச்சு விட முடியாது. அதனால பனியன் துணில சந்தேகம் வந்தா ஒரு சைஸ் பெருசு, தறில சந்தேகம் வந்தா உள்ள மார்ஜின் இருக்கறது. இன்னொண்ணு, பனியன் துணிய எல்லா டைலர் கிட்டயும் கொடுத்துடாதீங்க. முனை உருண்ட ஊசி, அதாவது பால் பாயின்ட் ஊசி வேணும், சாதா ஊசி வளையத்த குத்தி அறுத்துடும், தொவைச்சதும் தையல் ஓரமா குட்டி குட்டி ஓட்டை வந்து அப்படியே ஓடும். "அக்கா, இதுக்கு பனியன் ஊசி இருக்கா?"ன்னு கேட்டாலே போதும், இருக்கறவங்க உடனே சொல்லிடுவாங்க.

ஸ்டெப் 6: எங்க போடப் போறீங்கன்னு யோசிங்க

சென்னை மாதிரி புழுக்கத்துல உடம்போட ஒட்டின பனியன் துணி வேர்வைய குடிச்சுட்டு அப்படியே ஒட்டிக்கும், காலையில அழகா இருந்தது மத்தியானம் எல்லாத்தையும் காட்டும். லூஸான மல்மல், வாயில்ல காத்து உள்ள போய் வரும். பயணம், வீட்டு வேலை, குழந்தைய தூக்கறது, யோகா இதுக்கெல்லாம் பனியன். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு லூப் நிட் (உள்பக்கம் குட்டி குட்டி வளையமா இருக்கற கனமான பனியன் துணி) நல்லது.

ஸ்டெப் 7: ட்ரையல் ரூம்ல நிக்காதீங்க, அசைங்க

கண்ணாடி முன்னாடி அசையாம நின்னா எல்லா துணியும் நல்லாத்தான் இருக்கும். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க, உள்ள ஸ்டூல் இருந்தா உக்காருங்க, இல்லன்னா பாதி குனியுங்க, முன்னாடி கைய கட்டிப் பாருங்க. தறித் துணில முதுகுல இறுக்கம் தெரிஞ்சா, பட்டன் நடுவுல வாய் திறந்தா வேண்டாம். பனியன் துணில ஒரு ஓரத்த 10 சென்டிமீட்டர் அளவுக்கு புடிச்சு 12, 13க்கு இழுத்துட்டு விடுங்க, உடனே பழைய இடத்துக்கு வரணும், அலை அலையா நின்னுட்டா ரெண்டு தடவ போட்டதுமே முட்டியும் முழங்கையும் தொங்கிடும். கடைசியா வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாருங்க, அதுவும் உங்க கைய உள்ள விட்டு விரிச்சுப் பாருங்க.

ஸ்டெப் 8: வாங்கினது அதே அளவுல நிக்கணும்னா

தைக்கக் கொடுக்கற காட்டன், ரேயான் துணிய ஒரு ராத்திரி தண்ணில ஊறப் போட்டு காய வெச்சு கொடுங்க, சுருங்க வேண்டியது அப்பவே சுருங்கட்டும். பனியன் துணி தொவைச்சா நீளத்துல சுருங்கும், மலிவான ஜெர்சில சைடு தையல் முறுக்கிக்கிட்டு முன்னாடி வந்துடும், இது நீங்க தொவைச்ச விதத்தால இல்ல, துணி செஞ்சப்பவே சரியா செட் பண்ணாததால. வாங்கும்போதே டி ஷர்ட்ட மடிச்சுப் பாத்து சைடு தையல் நேரா இறங்குதான்னு பாத்துடுங்க. ஈரமான பனியன் துணிய தோள்ல கிளிப் போட்டு தொங்க விடாதீங்க, தண்ணி எடையில நீண்டு போயிடும், கொடியில பாதியா மடிச்சு போடுங்க, லைக்ரா இருந்தா உச்சி வெயிலும் சூடான அயர்ன் பாக்ஸும் ஆகாது. கைத்தறிக்கு கஞ்சி போடறப்ப மட்டும் உங்க உடம்ப நெனைச்சு போடுங்க, வயிறு, சீட் கனமா இருக்கறவங்க கஞ்சிய நல்லா தண்ணியா கரைச்சு போட்டா அதே துணி நிக்காம விழ ஆரம்பிச்சுடும்.